வாலின் விலையும் தோட்டாவின் விலையும்

பனி முழுதாகக் கரைய முன்னரே எங்கள் கடைக்கு .22 தோட்டா (சன்னத்தின் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம்) கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கனடாவில், தென்மேற்கு சஸ்காச்சுவானில் ஒரு சின்ன ஊர். ஆணி, வேலிக்கம்பி, மாட்டுத்தீவனம், துவக்கு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை. மார்ச் நடுப்பகுதியில் கேள்வி ஒன்றுதான்: "கோஃபருக்கு எந்தத் தோட்டா நல்லது?"

நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள்? சுடுகிற திசையில் மாடோ வீடோ இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை: ஒரு கோஃபருக்காக எத்தனை சதம் செலவழிக்க உங்களுக்கு மனம் வரும்? தோட்டாப் பெட்டியில் வேகமும் நிறையும் அச்சடித்திருக்கும்; கோஃபர் தோட்டாவின் வரலாற்றை ஓட்டி வந்ததோ அச்சடிக்காத அந்த மூன்றாவது கணக்கு.

இங்கே எல்லோரும் கோஃபர் என்று சொல்வது ரிச்சர்ட்சன் தரை அணிலை. மண்நிறம், கால் கிலோவுக்கு முன்பின் எடை, வளைவாயிலில் இரண்டு காலில் எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கிற பழக்கம். ஜோன் பிராங்ளின் தலைமையில் வடதுருவக் கரையைத் தேடிப் போன குழுவின் மருத்துவர் ஜோன் ரிச்சர்ட்சன். சஸ்காச்சுவான் ஆற்றங்கரையிலிருந்த கார்ல்டன் ஹவுஸ் கோட்டைப் பகுதியில் கிடைத்த இந்த அணிலை 1822இல் ஜோசப் சபீன் விவரித்து அவருடைய பெயரை வைத்தார். அப்போது இது புல்வெளியின் எத்தனையோ உயிர்களில் ஒன்று. கோதுமை வந்த பிறகுதான் எதிரியானது. முளைத்து வரும் பயிரை வளையைச் சுற்றி வட்டமாக மொட்டையடித்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் தோண்டிப்போட்ட மேட்டில் அறுவடை இயந்திரத்தின் கத்தி மோதும், குழியில் குதிரையின் கால் போகும் என்று விவசாயிகள் சொல்லாத தலைமுறை இல்லை. வறட்சி ஆண்டுகளில் புல் கட்டையாக இருக்கும். தூரத்தில் வரும் பகையைப் பார்க்க அது கோஃபருக்கு வசதி. 1930களிலும் 2000ஐ ஒட்டிய வறட்சியிலும் அவை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டாவின் கதை இந்தப் புல்வெளிக்கு வெகுதூரத்தில், பாரிஸில் தொடங்குகிறது. அதற்கு முந்திய துவக்கு எப்படி என்று எனக்குத் தெரியும்: இலங்கையில், வன்னியில் என் பெரியப்பா பன்றிக்கு வைத்திருந்தது இடியன் துவக்கு. மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து இடித்து, சன்னத்தை இறக்கி, கடைசியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பை வைக்க வேண்டும். நான்கு சாமான், நான்கு வேலை. லூயி நிக்கொலா ஃபுளோபேர் 1845இல் செய்தது இதைச் சுருக்கியதுதான். கேப்பின் வாயிலேயே ஒரு சிறு ஈயக் குண்டைப் பதித்தார். வேறு மருந்தே இல்லை. கேப்புக்குள் இருந்த வெடிப்பசையே குண்டைத் தள்ளியது. வீட்டுக் கூடத்தில் அட்டையைச் சுட்டு விளையாட அது போதும்.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் 1857இல் அந்தக் கேப்பை நீட்டி, நான்கு கிரெயின் கரிமருந்தும் 29 கிரெயின் சன்னமும் வைத்துத் தங்கள் முதல் சுழல் கைத்துப்பாக்கிக்குப் பயன்படுத்தியது. இன்று .22 ஷோர்ட் என்று நாங்கள் விற்பது அதன் நேர் வாரிசு. பொறிமுறை அன்றும் இன்றும் ஒன்றுதான். பித்தளைக் கோதின் அடியில் மடிந்த உள்ளீடற்ற விளிம்பு, அதற்குள் வெடிப்பசை. துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கினால் பசை பற்றும், மருந்து எரியும், சன்னம் பறக்கும். ரிம்ஃபயர் என்பது இவ்வளவுதான்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஊசி நசுக்க வேண்டும் என்றால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய விளிம்பு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஒரு காலத்தில் .44 ஹென்றி போன்ற பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள் இருந்தன. அடியின் நடுவில் தடித்த கேப்புள்ள தோட்டாக்கள் வந்ததும் அவை ஒதுங்கிப்போயின. சின்னது மட்டும் பிழைத்தது, மலிவாக இருந்ததால். சுட்ட கோதை மறுபடி நிரப்ப முடியாது. ஆனால் பண்ணையில் பெட்டியைத் திறந்து சுட்டுவிட்டு வீசுகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை.

1887இல் மசாசுசெற்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லோங் ரைஃபிள் தோட்டாவைக் கொண்டுவந்தது. ஐந்து கிரெயின் கரிமருந்து, 40 கிரெயின் சன்னம். நம் கணக்கில் இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல். சஸ்காச்சுவான் ஒரு மாகாணமானது 1905இல். மாகாணத்தைவிடப் பதினெட்டு வயது மூத்தது இந்தத் தோட்டா.

கனடாவுக்குள் தோட்டா செய்யத் தொடங்கியவரின் கதையும் எங்கள் மண்ணைத் தொட்டுத்தான் போகிறது. 1885இல் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மேற்றிஸ் மக்கள் லூயி ரியேலின் தலைமையில் கனடா அரசுக்கு எதிராக எழுந்தபோது, அவர்களை அடக்கப் போன படையோடு கற்லிங் இயந்திரத் துவக்கை இயக்கிக்காட்ட அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஆதர் ஹவர்ட். சஸ்காச்சுவானின் பற்றோஷில் நடந்த சண்டையில் அதைச் சுழற்றியவர். சண்டை முடிந்ததும் கனடாவிலேயே தங்கி, 1886இல் கியூபெக்கின் பிரவுன்ஸ்பேர்க்கில் டொமினியன் காட்ரிட்ஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். தென்னாபிரிக்கப் போரில் 1901இல் இறந்தார். அவருடைய தொழிற்சாலை பின்னாளில் சி.ஐ.எல் என்ற பெரிய நிறுவனத்துக்குள் போனது. அதன் விஸ்-பாங் என்ற .22 பெட்டிகள் இன்றும் பழைய பண்ணைகளின் ஏலத்தில் மரப்பெட்டிகளின் அடியில் கிடந்து வெளியே வரும். மேற்றிஸ் மக்களைத் தோற்கடிப்பதில் பங்கெடுத்த ஒருவர் தொடங்கிய தொழிற்சாலை, அந்த நிலத்தில் குடியேறியவர்களுக்குக் கோஃபர் சுடத் தோட்டா அனுப்பியது. இதில் எனக்கு அதிசயம் ஒன்றுமில்லை. நிலம் கைமாறுகிற இடத்தில் தோட்டா விற்பவனுக்கு எப்போதும் வியாபாரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது வாலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் இங்குள்ள ஊராட்சிகள், கொன்றதற்குச் சாட்சியாகக் கொண்டுவரும் கோஃபர் வாலுக்குப் பணம் கொடுத்தன. பல இடங்களில் வால் ஒன்றுக்கு ஒரு சதம். சில இடங்களில் சற்றுக் கூட. வாலைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பாடசாலைப் பெடியள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல், ஐரோப்பாவுக்குக் கோதுமை அனுப்ப வேண்டும் என்று சஸ்காச்சுவான் அரசு மே 1ஆம் திகதியைக் கோஃபர் நாள் என்று அறிவித்தது. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பாடசாலைகள் சேர்ந்து ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோஃபர்களைக் கொன்றன. அந்தத் திகதி தற்செயலாகவோ திட்டமிட்டோ கொடூரமான திகதி. பெண் அணில்கள் ஏப்ரலில் குட்டி போடும். குட்டிகள் வளைக்கு வெளியே வர மே நடுப்பகுதியோ கடைசியோ ஆகும். மே 1இல் ஒரு தாயின் வாலைக் கொண்டுவந்தால், எண்ணிக்கையில் சேராத ஆறேழு குட்டிகள் மண்ணுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

அந்த ஐந்து லட்சத்தில் தோட்டாவுக்கு விழுந்தவை எத்தனை என்று யாரும் பிரித்து எழுதி வைக்கவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். வாலுக்கு ஒரு சதம் என்றால், இரண்டு மூன்று சூடு தவறினாலே அந்த வால் நட்டத்தில் ஓடும். ஆகையால் பெடியளின் முதல் ஆயுதம் கதிர்க்கட்டுக் கயிற்றில் போட்ட சுருக்கு; வளைவாயில் வைத்துவிட்டுப் படுத்திருந்து, தலை வந்ததும் இழுப்பது. இரண்டாவது, வாளித் தண்ணீர். மூன்றாவது, இரும்புப் பொறி. பெரியவர்கள் தானியத்தில் ஸ்ட்ரிக்னைன் நஞ்சைக் கலந்து வைத்தார்கள். துவக்கு கையில் கிடைத்த பெடியன் வாங்கியது அநேகமாக .22 ஷோர்ட்: அதுதான் ஆக மலிவு. முப்பது நாற்பது கஜம் வரை தவழ்ந்து போகத் தெரிந்தவனுக்கு அது போதும். சத்தமும் குறைவு, பக்கத்து வளையிலிருந்து எட்டிப் பார்க்கிற அடுத்த கோஃபர் ஓடி ஒளியாது. லோங் ரைஃபிளை அவன் ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பான்.

அந்தப் பெடியளின் தலைமுறைக்கு ஏற்ற துவக்கையும் கனடாவே செய்தது. ரொறன்ரோவில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த எச். டபிள்யூ. கூயி, முதல் உலகப் போருக்குப் பிறகு .22 செய்யத் தொடங்கி, 1929இல் ஒன்ராறியோவின் கோபேர்க்கில் தொழிற்சாலை அமைத்தார். ஒற்றைச் சூட்டுக் கூயிக்கு ஒரு குணம் உண்டு. தோட்டாவைப் போட்டு மூடினால் மட்டும் அது வெடிக்காது. பின்னாலுள்ள குமிழைக் கையால் இழுத்து வைத்தால்தான் ஊசி ஆயத்தமாகும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுத்த தகப்பன்மாருக்கு அந்தக் குமிழ்தான் நிம்மதி. இன்றும் பேரப்பிள்ளைக்கென்று தோட்டா வாங்க வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது தாத்தாவின் கூயியை. அதன் அறையை விளக்குப் பிடித்துப் பார்த்தால் அந்த வீட்டின் பழைய பொருளாதாரம் தெரியும். ஷோர்ட் கோது குட்டை. லோங் ரைஃபிளுக்கு வெட்டிய அறையில் ஆண்டுக்கணக்காக ஷோர்ட்டையே போட்டுச் சுட்டால், கோதின் வாய் முடிகிற இடத்தில் சுடுவாயு இரும்பை அரித்து ஒரு வளையம் விழும். பிறகு நீளமான கோதைப் போட்டுச் சுட்டால் அது வளையத்தில் சிக்கி வெளியே வர மறுக்கும். மலிவுத் தோட்டாவில் வளர்ந்த வீடு என்று அந்தத் துவக்கே சொல்லிவிடும்.

பழைய குழல்களில் உள்ளே துரு அரித்திருப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் கால வெடிப்பசை எரிந்தபின் விடுகிற உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்டதும் துடைக்காவிட்டால் குழல் போய்விடும். 1920களின் பிற்பாதியில் ரெமிங்டன் கிளீன்போர் என்ற பெயரில் துருப்பிடிக்க வைக்காத பசையைக் கொண்டுவந்தது. 1930இல் அதே நிறுவனம் வேகம் கூட்டிய ஹை-ஸ்பீட் தோட்டாவை விட்டது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று சாதாரண .22 லோங் ரைஃபிள் விநாடிக்கு ஏறக்குறைய 1,070 அடி. வேகமானது 1,255 அடி. மூக்கில் குழி விட்ட சன்னமும் அந்தக் காலத்தில்தான் பரவியது. ஷோர்ட்டின் இடத்தை லோங் ரைஃபிள் மெல்ல மெல்லப் பிடித்தது.

போட்டிக்கு வந்தவை இல்லாமல் இல்லை. 1890இல் ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பம்ப் துவக்கோடு வின்செஸ்டர் கொண்டுவந்த .22 டபிள்யூ.ஆர்.எஃப், லோங் ரைஃபிளைவிடத் தடித்த கோதும் 45 கிரெயின் சன்னமும் உடையது. 1900இல் வந்த .25 ஸ்டீவன்ஸ் அதைவிடப் பெரியது. இரண்டுமே கோஃபரை நன்றாக விழுத்தும். ஆனால் வாலின் விலை ஒரு சதமாக இருக்கிற ஊரில் பெரிய தோட்டா யாருக்கு? .25 ஸ்டீவன்ஸை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். அது மோசமான தோட்டா அல்ல. தன் இரையைவிட விலை கூடிய தோட்டா.

1959இல் வின்செஸ்டர் .22 மக்னத்தை வெளியிட்டது. செம்பு போர்த்திய 40 கிரெயின் சன்னம், விநாடிக்கு 1,900 அடிக்கு அருகில். லோங் ரைஃபிளோடு எழுபது எண்பது கஜத்தில் நின்றவன் இதோடு நூற்றிருபது கஜம் வரை போகலாம். 1970இல் ரெமிங்டன் இன்னும் ஒரு படி போய் ஐந்து மில்லிமீற்றர் மக்னத்தைக் கொண்டுவந்தது: 38 கிரெயின், 2,100 அடி. காகிதத்தில் அருமை. ஆனால் அதற்கான துவக்கைப் பெரும்பாலும் ரெமிங்டன் மட்டுமே செய்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் நிறுத்திவிட்டது. பிறகு தோட்டாவும் நின்றது. வாங்கியவர்கள் நல்ல துவக்கும் வெறும் பையுமாக நின்றார்கள். 2000களின் பிற்பகுதியில் ஒரு மெக்சிக்கோ நிறுவனம் அந்தத் தோட்டாவை மறுபடி செய்தது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. புதிய தோட்டாவின் வேகத்தைக் காட்டி யாராவது ஆசைகாட்டும்போது, அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

2002இல் ஹோர்னடி நிறுவனம் .22 மக்னக் கோதின் கழுத்தை ஒடுக்கி .17 எச்.எம்.ஆரைக் கொண்டுவந்தது. சன்னம் 17 கிரெயின் மட்டுமே, ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட. வேகமோ 2,550 அடி. கோஃபரின் தலை ஒரு தேசிக்காய் அளவுதான். லோங் ரைஃபிளை ஐம்பது கஜத்துக்குக் குறிவைத்தால் நூறு கஜத்தில் சன்னம் ஆறேழு அங்குலம் கீழே போகும்; தூரத்தைக் கொஞ்சம் தப்பாக மதித்தாலும் தலையைவிட்டு மண்ணில்தான் படும். .17ஐ நூறு கஜத்துக்கு வைத்தால் நூற்றைம்பதிலும் இறக்கம் மூன்று அங்குலத்துக்குள். சூடு விழுந்த இடத்தில் சன்னம் சிதறிப்போகும். மார்ச் மாதத்து உறைமண்ணிலோ கல்லிலோ பட்டுத் தெறித்துப் பக்கத்து வயலுக்குப் போகிற பயம் குறைவு. வழுவழுப்பான ஈயச் சன்னம் அப்படியல்ல. பழைய .22 பெட்டிகளில் ஒரு மைல் தூரம் பாயும், கவனம் என்று அச்சடித்திருந்தது சும்மா அல்ல.

காற்றுதான் .17இன் எதிரி, இங்கே காற்றில்லாத நாளும் குறைவு. மணிக்குப் பத்து மைல் பக்கக்காற்று நூறு கஜத்தில் அதை நான்கு அங்குலம் வரை தள்ளிவிடும். லோங் ரைஃபிளில் ஒரு விநோதம்: ஒலியின் வேகத்தைத் தாண்டுகிற வேகத் தோட்டாவைவிட, அதற்குக் கீழே போகிற சாதாரணத் தோட்டா காற்றில் குறைவாக விலகும். ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் இழுவை கடுமையாவதே காரணம். கூடுதல் காசு கொடுத்து வேகத்தை வாங்குகிற பெடியள் இதை நம்புவதே இல்லை.

.17 எச்.எம்.ஆர் வந்த நேரமும் பார்க்க வேண்டியது. வறட்சியில் கோஃபர் பெருகியிருந்த ஆண்டுகள். வாலுக்குக் காசு பெரும்பாலான இடங்களில் இல்லை. சுட வருகிறவர் பெடியன் அல்ல. வாகனம், தொலைநோக்கி, மடக்கு மேசையோடு வருகிற நாற்பது வயதுக்காரர். வால் ஒரு சதத்துக்குப் போன காலத்தில் ஆக மலிவான தோட்டா விற்றது. வாலுக்கு ஒன்றுமே கிடைக்காத காலத்தில் அதைவிடப் பல மடங்கு விலையான தோட்டா விற்கிறது. கூலிக்குச் சுட்டவன் சதத்தை எண்ணினான். விருப்பத்துக்குச் சுடுகிறவன் கஜத்தை எண்ணுகிறான். 2013 வாக்கில் வந்த .17 டபிள்யூ.எஸ்.எம் அந்தக் கஜ ஆசையின் உச்சம்: ஆணி அடிக்கும் கருவியில் போடுகிற வெற்றுத்தோட்டாவின் தடித்த கோதிலிருந்து பிறந்தது, 20 கிரெயின், 3,000 அடி.

அதே 2013இல் வட அமெரிக்கா முழுக்க .22 தட்டுப்பாடு. அமெரிக்காவில் சட்டம் இறுகப்போகிறது என்ற பயத்தில் ஆட்கள் வாங்கிக் குவித்தார்கள். எங்கள் தட்டும் வெறுமையானது. ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. ஐந்நூறு தோட்டா அடுக்கிய கட்டுக்கு ஏங்கி நின்றவர்கள் மத்தியில், .17 பெட்டிகள் தட்டில் ஓரளவுக்குக் கிடந்ததையும் பார்த்தேன். அந்த விலைக்குக் கோஃபர் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார் ஒரு விவசாயி. நூறு ஆண்டுக்கு முந்தைய பெடியனின் கணக்கு அவரிடம் அப்படியே இருந்தது.

ஸ்ட்ரிக்னைனுக்குத் தடை வந்தது. நஞ்சு தின்ற கோஃபரைத் தின்று சுவிஃப்ட் நரி போன்றவையும் சாகின்றன என்பதால், கனடாவின் சுகாதாரத் துறை 2020இல் அதன் அனுமதியை நீக்கியது. 2023 மார்ச்சோடு பாவனை முடிந்தது. பண்ணைக்காரர் மறுபடி துவக்கைப் பார்க்கிறார்கள். ஆனால் தோட்டாவும் சுத்தமான சாமான் அல்ல. சுடப்பட்ட இந்த அணில்களின் உடலில் ஈயத் துணுக்குகள் தங்குகின்றன, அவற்றைத் தின்னும் பருந்துகளுக்கு அது ஆபத்தாகலாம் என்று 2006இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று காட்டியது. .17இன் பெருமையாக நாங்கள் விற்ற சிதறலுக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு. ஈயமில்லாத .22ம் .17ம் இப்போது வருகின்றன. 21 கிரெயின் செம்புத் தூள் சன்னம் ஒன்று எங்கள் தட்டில் இருக்கிறது. விலை கூட. குறைவாகவே போகிறது.

ஆகவே மார்ச்சில் கேட்பவருக்கு என் பதில் இது. எண்பது கஜத்துக்குள், மாடு இல்லாத பக்கம், பழைய கூயி என்றால் லோங் ரைஃபிள், சாதாரண வேகம். திறந்த வெளி, கல் நிலம், நூற்றைம்பது கஜம் என்றால் .17 எச்.எம்.ஆர், காற்று எழும்பினால் வீட்டுக்குப் போங்கள். கையில் .22 மக்னம் இருந்தால் அதை விற்றுவிட்டு .17 வாங்க வேண்டாம். கோஃபரின் தொகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மார்ச் தொடக்கத்தில் சுட்டுப் பயனில்லை: முதலில் வெளியே வருவன ஆண்கள், மிஞ்சிய ஓர் ஆணே பல பெண்களுக்குப் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெண்கள் வந்த பிறகு போங்கள். விழுந்ததை அங்கேயே விட்டுவிடாமல் எடுத்துப் புதையுங்கள், அல்லது ஈயமில்லாததை வாங்குங்கள். செம்பின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு சூட்டின் விலையில் பருந்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சிலர் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ஈயத்தையே எடுக்கிறார்கள். சிலர் செம்பை எடுக்கிறார்கள்.